டிவி பாட்டுப் போட்டி பார்க்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளும் பழைய பாட்டும்

பாளைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதில் ஓடும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். பாட்டு தெரிந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பாட்டை முறையாகக் கற்றவர்கள் யாரும் கிடையாது. வார இறுதியில் டிவியில் வருகிற பிள்ளைகள் பாட்டுப் போட்டியை மட்டும் அவள் விடவே மாட்டாள். சமீபத்தில் அதில் ஒரு சிறுமி ‘சிங்காரவேலனே தேவா’ பாடினாள். அன்றிலிருந்து வீட்டில் அதே பாட்டுதான். போனில் போட்டுக்கொண்டு, நாயனம் (நாதஸ்வரம்) வரும் இடத்தில் நிறுத்துகிறாள், பின்னால் தள்ளுகிறாள், வேகத்தைக் குறைத்து வைத்து ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்லிப் பார்க்கிறாள். ‘கொஞ்சும் சலங்கை’ 1962இல் வந்த படம். எங்கள் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்தது. அந்தப் பாட்டுக்கு இந்த வயதில் ஒரு பிள்ளை இப்படி மல்லுக்கட்டுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

ஆனால் “இந்த நாயனம் யார் வாசிச்சது தெரியுமா?” என்று கேட்டால், “டிவியில ஒரு அண்ணன் வாசிச்சாங்களே, அவங்கதான்” என்கிறாள். அதை வாசித்த காருகுறிச்சி அருணாசலம் பேரே அந்த நிகழ்ச்சியில் அவள் காதில் விழவில்லை. நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் சேரன்மகாதேவி தாண்டியதும் வருகிற ஊர்தான் காருகுறிச்சி.

இந்தப் போட்டிகள் பிள்ளைகளைப் பழைய பாட்டுக்குக் கொண்டுபோகின்றனவா, அல்லது போட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றனவா? உங்கள் வீட்டில் எப்படி?


மேலப்பாளையத்தான்

நல்ல கேள்வி அக்கா. நான் போட்டிகள் பக்கம்தான் நிற்பேன்.

எங்கள் தலைமுறை பழைய பாட்டை யாரிடமும் போய்க் கற்கவில்லை. காதில் தானாக விழுந்தது. தென்மாவட்டத்தில் இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாகக் கேட்கும். டீக்கடை, தையல்கடை, பீடி சுற்றும் வீடு எல்லாவற்றிலும் அதுதான். பி.எச். அப்துல் ஹமீது அவர்கள் முதலில் வானொலியிலும் அப்புறம் சன் டிவியிலும் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நினைவிருக்கும். அதில் ஜெயிக்கக் குரல் மட்டும் போதாது. கொடுத்த எழுத்தில் சட்டென்று ஒரு பாட்டைத் தொடங்க வேண்டும். அதற்காகவே நாங்கள் பழைய பாட்டுகளைத் தேடித் தேடி மனப்பாடம் செய்தோம்.

இன்றைக்கு எந்த வீட்டில் வானொலி பாடிக்கொண்டே இருக்கிறது? ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு காதுமாட்டி. அம்மா கேட்பது பிள்ளைக்குத் தெரியாது. ஆச்சியும் பேத்தியும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்கிற இடம் என்று மிச்சம் இருப்பது இந்தப் போட்டி ஒன்றுதான். என் தங்கை மகன் நாகூர் ஹனிபாவின் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டைத் தெரிந்துகொண்டது எங்கள் வீட்டிலோ பள்ளிவாசலிலோ இல்லை. போட்டியில் வேறு மதத்துப் பிள்ளை ஒருத்தி உருகிப் பாடியதைக் கேட்டுவிட்டுத்தான் “மாமா, இது நம்ம பாட்டா?” என்று வந்து கேட்டான். அதற்காகவே நான் அந்த நிகழ்ச்சிக்கு நன்றி சொல்வேன்.


கடையநல்லூரான்

‘சிங்காரவேலனே’ பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அதற்கு இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடு எங்கள் ஊரில் பிறந்தவர். டி.எம். சௌந்தரராஜனை ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் முதன்முதலாகப் பாட வைத்தவர். எம்.எஸ். விஸ்வநாதன் இளவயதில் அவரிடம் உதவியாளராக வேலை பார்த்திருக்கிறார். மெட்டுப் போட்டவர் கடையநல்லூர், நாயனம் காருகுறிச்சி. அந்தப் பாட்டில் பாதி நம்ம சீமை. பிள்ளையிடம் இதையும் சொல்லுங்கள் அக்கா.


சுருதிப்பெட்டி

டவுனில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். சனி, ஞாயிறு என்ன பாட்டு ஒளிபரப்பானது என்பதைத் திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் முணுமுணுப்பதை வைத்தே சொல்லிவிடலாம். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் சரளி வரிசை, ஜண்டை வரிசை முடிவதற்குள் பாதிப் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். ஏன் கற்கிறோம் என்றே தெரியாது. இப்போது ஒரு பாட்டை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அது எனக்குப் பெரிய பிடி. ‘சிங்காரவேலனே’ பாட ஆசைப்பட்டு வந்த பிள்ளைக்கு அந்தப் பாட்டின் ராகமான ஆபேரியைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். ஏறும்போது ரி, த இரண்டும் கிடையாது, இறங்கும்போது ஏழு ஸ்வரமும் வரும். நாயனம் ஒரு பிடி வாசிக்க, ஜானகி அம்மா அதைக் குரலில் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் இந்த ஏற்ற இறக்கம் அப்படியே காதில் விழும். அப்புறம் ஒருநாள் தியாகராஜரின் ‘நகுமோமு’வை நான் பாடிக்காட்டினேன். ஒரு பொடிசு எழுந்து, “டீச்சர், இதுக்குள்ள சிங்காரவேலனே இருக்கு” என்றது. நான் ராகத்தின் பேரை அதுவரை சொல்லவே இல்லை. அந்தக் காது எங்கிருந்து வந்தது? டிவியில் கேட்டு, போனில் கேட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு வந்தது. அதை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இப்போது எனக்கு வலிக்கும் இடம். போட்டிக்காகப் பாட்டை வெட்டுகிறார்கள். பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம், கடைசியில் மேல் ஸ்தாயியில் ஒரு நீட்டல், கைதட்டல். பிள்ளைகள் அதுதான் பாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது சரணத்தைச் சொல்லச் சொன்னால், “அது டிவியில் வரலையே” என்கிறார்கள். பழைய பாட்டில் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது சரணத்தில்தான் கவிஞர் தான் சொல்ல வந்ததைச் சொல்லியிருப்பார்.

இன்னொன்று தொண்டை. ஆண் பிள்ளைகளுக்கு மகரக்கட்டு வரும், அதாவது குரல் உடையும், வயது ஒன்று உண்டு. அந்த நேரத்தில் டி.எம்.எஸ். பாட்டை எடுத்துக்கொண்டு, போன வருஷம் பாடின அதே சுருதியில் இழுத்துப் பிடித்துப் பாடக்கூடாது. என்னிடம் வந்த ஒரு பையனை, போட்டிக்குத் தயார் செய்யும் ஒரு வகுப்பில் அப்படித்தான் பாட வைத்திருக்கிறார்கள். பேசினாலே கரகரப்பு. மாதக்கணக்கில் அவனைப் பாடாமல் இருக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பெற்றோர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். சுருதியைக் குறைத்தால் பாட்டுக்கு ஒரு குறையும் வராது.


குறுக்குத்துறை

எனக்கு இந்த நிகழ்ச்சிகளே பிடிக்காது. ஒரு பிள்ளை பாடி முடித்தால் அதன் வீட்டுக் கஷ்டம், அம்மா கண்ணீர், பின்னணியில் வயலின், அப்புறம் வெளியேற்றம். பாட்டுக்கு மார்க், பிள்ளைக்கு ஓட்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பாரம்? பழைய பாட்டைக் கேட்க வேண்டுமானால் பழைய பாட்டையே கேட்கலாம், அதுதான் போனில் கொட்டிக் கிடக்கிறதே.


மேலப்பாளையத்தான்

@குறுக்குத்துறை அண்ணாச்சி, மேடையில் நிற்கிற பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் பாளைக்காரி அக்கா கேட்டது பார்க்கிற பிள்ளைகளைப் பற்றி. போனில் கொட்டிக் கிடப்பது உண்மைதான். பேரே தெரியாத பாட்டை ஒரு பிள்ளை எப்படித் தேடும்? தன் வயதில் ஒருத்தி பாடுவதைப் பார்த்தால்தான் “நானும் பாடலாம் போலிருக்கே” என்று தேடத் தோன்றுகிறது. பெரியவர்கள் பாடிக் கேட்பதும் தன் வயதுப் பிள்ளை பாடிக் கேட்பதும் பிள்ளைக்கு ஒன்றில்லை.


அம்பாசமுத்திரம்

தாமதமாக வருகிறேன். காருகுறிச்சியார் பேர் வந்த இழையில் நான் பேசாமல் இருக்க முடியாது.

தாயி, உன் மகளுக்கு இதை வாசித்துக் காட்டு. காருகுறிச்சி என்றால் இன்றைக்குப் பலருக்கும் மண்பானைதான் நினைவுக்கு வரும். அந்த ஊரில் 1921இல் பிறந்தவர் அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்து, அவர் கூடவே இருந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து வளர்ந்தவர். தஞ்சாவூர்ச் சீமையில்தான் நாயனம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தாமிரபரணிக் கரையிலிருந்து போய் அந்தச் சீமையே தலையாட்டும்படி வாசித்தார். பிற்பாடு கோவில்பட்டியில் குடியிருந்தார். 1964இல் போய்விட்டார். ஐம்பது வயதைக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவர் கச்சேரியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயம் எப்போதும் வரும். நாயனம் என்றால் வீதியில் நின்று வாசிக்கும் வாத்தியம், சத்தம் பெரிது. அவர் வாசிப்பில் அந்தச் சத்தம் குழைந்து பாட்டாக வரும். ‘சிங்காரவேலனே’வில் உன் மகள் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறாளே, அந்த இடங்களையே எடுத்துக்கொள். ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு அவர் குதிக்க மாட்டார், வழுக்கிக்கொண்டு போவார். மூச்சை எங்கே எடுத்தார் என்று தேடினாலும் கிடைக்காது. வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்கிறாள் என்றாயே, அப்படிக் கேட்டால்தான் அந்த வழுக்கல் புரியும். நல்ல காது உன் பிள்ளைக்கு. அந்தப் பாட்டைப் பாடியபோது ஜானகி அம்மாவுக்கு 24 வயதுகூட ஆகவில்லை. அதையும் சொல், பிள்ளைக்குத் தைரியம் வரும்.

போட்டியைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான். ஜெயா டிவியில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் ‘என்னோடு பாட்டுப் பாடுங்கள்’ நடத்தினார். பாட வந்தவர்களைத் திருத்துவார், கூடவே அந்தப் பாட்டு யார் எழுதியது, யார் மெட்டு, பதிவின்போது என்ன நடந்தது என்று நிதானமாகச் சொல்வார். பாட்டும் சரித்திரமும் சேர்ந்து வீட்டுக்கு வந்தன. இப்போதைய போட்டிகளில் சுசீலா அம்மா, ஜானகி அம்மா போன்றவர்களை விருந்தினராக அழைத்து, பிள்ளைகளை அவர்கள் முன்னால் பாட வைத்தார்கள். அது பெரிய காரியம், எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சொந்தமாகக் கிடைக்காத பாக்கியம். ஆனால் வாத்தியக்காரர்கள் பேர் எங்கே? பாடகர் பேர் வரும், இசையமைப்பாளர் பேர் வரும், கதாநாயகன் பேர் கட்டாயம் வரும். நாயனம் வாசித்தவர் பேரைத் திரையில் ஒரு வரி போட எவ்வளவு நேரம் ஆகும்? அதை அவர்கள் செய்கிறவரை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.


உடுக்கை

எல்லாரும் சினிமாப் பாட்டையே பேசுகிறீர்கள். டிவிக்குப் ‘பழைய பாட்டு’ என்றாலே கறுப்பு வெள்ளைப் படப் பாட்டுதான். அதற்கு முன்னால் இந்த மண்ணில் பாட்டே இல்லையா?

நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர். கோயில் கொடை (திருவிழா) என்றால் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதை, முத்துப்பட்டன் கதை. சின்ன வயதில் அப்பா மடியில் தூங்கி வழிந்துகொண்டு கேட்டிருக்கிறேன். குடக்காரர் குடத்து வாயில் மட்டையால் ஓங்கி அடித்தால் தூக்கம் கலைந்துவிடும். வீசுகோல் வில் நாணில் விழ, மணி அத்தனையும் குலுங்கும். பாட்டு நின்று வசனம், வசனம் நின்று பாட்டு. ஒரு ஆள் கதை சொல்ல, மற்றவர்கள் “ஆமா” போட்டு வாங்கிக்கொள்வார்கள். இதில் எதையும் மூன்று நிமிஷத்தில் காட்ட முடியாது.

டிவியில் ‘கிராமியச் சுற்று’ வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வேட்டி, கண்டாங்கி கட்டிவிட்டு, அதிலும் சினிமாவில் வந்த குத்துப்பாட்டுதான். ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். 2018இல் சூப்பர் சிங்கரில் செந்தில் கணேஷ் ஜெயித்தார். பெரியவர்கள் சீசன்தான், ஆனாலும் வீட்டில் பிள்ளைகளும் சேர்ந்துதான் பார்த்தார்கள். சினிமாவுக்குப் போகாத பாட்டையும் மேடையில் பாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம் என்று அது காட்டியது. அதன் பிறகு எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நாட்டுப்புறப் பாட்டுக்குப் பேர் கொடுக்கும் பிள்ளைகள் கூடினார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

சத்திரம் புதுக்குளத்துக்காரர் சுப்பு ஆறுமுகம் ஐயா வில்லை வானொலிக்கும் டிவிக்கும் கொண்டுபோனவர். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். அவர் பேரை நெல்லைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. ஒரே ஒரு சுற்றில் ஒரே ஒரு பிள்ளையை வில்லின் முன்னால் உட்கார வைத்திருந்தால், அவ்வளவு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும்.


சங்கரன்கோவில் சீமை

உடுக்கை தம்பி சொல்வது சரி. எங்கள் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்தும் அப்படித்தான். ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் இருந்து, கழுகுமலை முருகன் மேல் பாடினார். காவடி தூக்கி நடக்கிறவன் கால்போக்கிலேயே அந்தத் தாளம் இருக்கும். படித்தவர், படிக்காதவர் எல்லாரும் பாடிய பாட்டு. கர்நாடகக் கச்சேரியில் கடைசியில் ஒன்று பாடுவார்கள், அங்கேயாவது உயிரோடு இருக்கிறது.

ஆனால் சினிமாவை ஒதுக்க வேண்டாம் தம்பி. காவடிச் சிந்து மெட்டு சினிமாவுக்குள்ளும் போயிருக்கிறது. பிள்ளை அந்த வழியாக வந்தாலும் வரட்டும்.


செங்கோட்டை

சங்கரன்கோவில் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போட்டியில் ஒரு சிறுமி ஔவையார் வேஷம் போட்டு ‘பழம் நீயப்பா’ பாடினாள். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடியது. என் மகன் கேட்டுவிட்டு, “இந்தக் குரல் மாதிரி இப்ப யாருக்கும் இல்லையேம்மா, ஏன்?” என்றான். என் மாமியார் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள்தான், “மைக் இல்லாத காலத்துல நாடகக் கொட்டகையில கடைசி வரிசைக்குக் கேக்கணும்ல, அப்படிப் பழகின தொண்டைடா அது” என்று தொடங்கினார்கள். அங்கிருந்து பேச்சு கிட்டப்பாவுக்குப் போனது. எஸ்.ஜி. கிட்டப்பா எங்கள் செங்கோட்டைக்காரர். சுந்தராம்பாளின் கணவர். 1933இல் இறந்தபோது அவருக்கு 27 வயது. அதன் பிறகு அந்த அம்மா வெள்ளைப் புடவையிலேயே வாழ்ந்தார்கள்.

பையனுக்கு நம்ப முடியவில்லை. டிவியில் பார்த்த பாட்டுக்கும் தன் ஊருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுப் பதிவைத் தேடிப் போட்டோம். இரைச்சல் அதிகம். முதலில் முகம் சுளித்தான். மாமியார், “இரைச்சலை விடு, அதுக்குப் பின்னால கேளு” என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மேலே மேலே போகும் அந்தக் குரல் அவனைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் நாடகம், சங்கரதாஸ் சுவாமிகள், அவரும் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டி என்று பேச்சு நீண்டு ராத்திரி பதினோரு மணியாகிவிட்டது.

மாமியார் அன்றைக்கு அங்கே இல்லாதிருந்தால், அவன் அடுத்த பிள்ளையின் பாட்டுக்குப் போயிருப்பான். டிவி ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டது. பதில் சொல்ல வீட்டில் ஆள் இருந்தது. இரண்டும் வேண்டும் என்பதுதான் நான் கண்டது.


குறுக்குத்துறை

@செங்கோட்டை இப்படி ஒரு மாமியார் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டார்களே அம்மா. பல வீட்டில் தாத்தா ஆச்சி ஊரில், பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ. அவர்களுக்கு யார் சொல்வது? அதனால்தான் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கே அந்தப் பொறுப்பு உண்டு என்கிறேன். அழுகையைக் காட்ட ஒதுக்கும் நேரத்தில் ஒரு நிமிஷத்தை எடுத்துப் பாட்டின் கதையைச் சொல்லட்டும்.


அம்பாசமுத்திரம்

அதில் எனக்கு முழுச் சம்மதம். கேட்க வேண்டிய கோரிக்கைதான் அது.


சுருதிப்பெட்டி

குறுக்குத்துறை சார் கேட்டதற்கு வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். தாத்தா ஆச்சி இல்லாத வீடுகளும் இதைச் செய்யலாம்.

பிள்ளைக்குப் போட்டியில் ஒரு பாட்டு பிடித்துவிட்டால், மூலப் பதிவை முழுதாகக் கேட்கச் சொல்வேன். போட்டிப் பதிவை அதற்கு அப்புறம் இன்னொரு முறை பார்க்கட்டும். எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வரிகளைக் கையால் எழுத வைப்பேன், எல்லாச் சரணமும். எழுதியவர், மெட்டமைத்தவர், தெரிந்தால் வாசித்தவர், இவர்கள் பேரைப் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு நோட்டு நிறைந்தால் அந்தப் பிள்ளையிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், கரோக்கி இல்லாமல் பாட வேண்டும். தம்புராவோ சுருதிப்பெட்டியோ மட்டும். பின்னணி வாத்தியம் தாங்கிப் பிடிப்பதால் மறைந்திருக்கும் சறுக்கல் எல்லாம் அப்போது வெளியே வரும்.

முக்கியமாக, நேரில் கேட்க வைக்க வேண்டும். நாயனத்தைப் போனில் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அதன் உண்மையான அளவு தெரியாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவாமி புறப்பாட்டில் நாயனத்துக்கும் தவிலுக்கும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். நெஞ்சுக்கூட்டில் தவில் அதிரும். அதைப் பிள்ளை மறக்காது.


பாளைக்காரி

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

அம்பாசமுத்திரம் ஐயா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். “அப்ப அவங்க நம்ம ஊர்க்காரங்களா!” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, டீச்சர் சொன்னபடி நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவிட்டாள். பாட்டு கு.மா. பாலசுப்பிரமணியம், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, குரல் எஸ். ஜானகி, நாயனம் காருகுறிச்சி அருணாசலம். கடையநல்லூரையும் காருகுறிச்சியையும் சிவப்புப் பேனாவில் அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

இனிமேல் ஒவ்வொரு வாரமும் போட்டியில் அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டுக்கு இப்படி எழுதுவது என்று பேசி வைத்திருக்கிறோம். பேர் கிடைக்காவிட்டால் இங்கே வந்து கேட்பேன், சொல்ல வேண்டும்.

உடுக்கை தம்பி, ஒரு உதவி. வில்லுப்பாட்டு அவள் நேரில் பார்த்ததே இல்லை. டிவியில் வராத பாட்டையும் அவள் கேட்க வேண்டும் என்று உங்கள் பதிவைப் படித்ததும் தோன்றியது. குடும்பத்தோடு போய் உட்காரும்படி எங்கே கேட்கலாம்?


உடுக்கை

தாராளமாக வாங்க அக்கா. ஆடி மாதம் பிறந்துவிட்டால் வள்ளியூர், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் வாரா வாரம் எங்காவது அம்மன் கொடை இருக்கும். செவ்வாய், வெள்ளியை ஒட்டித்தான் பெரும்பாலும். வில்லு ராத்திரி தொடங்கினால் விடிய விடியப் போகும், பிள்ளையால் முழுக்க முழித்திருக்க முடியாது. தொடக்கத்திலேயே வந்துவிடுங்கள். காப்புப் பாடி, ‘தந்தனத்தோம்’ என்று சொல்லி வில்லைத் தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பந்தலில் முன்னால் குடக்காரர் பக்கமாக உட்கார்ந்தால் எல்லா வாத்தியமும் தெரியும்.

எங்கள் ஊர்க் கொடைக்கு நாள் குறித்ததும் உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். பாப்பாவை நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், வில்லுக்காரர்கள் பேரை அவளே கேட்டு எழுதட்டும்.